முறியாத கொம்பு

வாசல் படலையில் கட்டியிருந்த வேப்பிலைக் கொத்து வெயிலில் சுருண்டு போயிருந்தது. நான் படலைக்கு வெளியே, இரண்டு கையிலும் இளநீரோடு நின்றேன். அது என் மனைவியின் வீடு. நான்கு வருடமாக நான் உண்டதும் உறங்கியதும் அங்கேதான். ஆனாலும் அன்றைக்கு அந்தப் படலையில் கை வைக்க எனக்கு உரிமை இல்லை.

தென்னங்கிடுகு வேலிக்கு அந்தப் பக்கம் என் மனைவி தங்கம்மா நின்றாள். வேலியின் அடியில் கிடுகு உக்கி விழுந்த இடத்தால் அவளுடைய பாதம் மட்டும் தெரிந்தது. கால் பெருவிரலால் மணலைக் கிளறிக்கொண்டிருந்தாள். மனம் சரியில்லாவிட்டால் அவள் செய்கிற வேலை அது.

பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். இரண்டு நாளாகக் கண் திறக்கவில்லை, மூச்சு விடும்போது நெஞ்சுக்குழி உள்ளே போகிறது என்றாள். அவள் குரலில் அழுகை இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. உள்ளே வந்து ஒருதரம் பார்த்துவிட்டுப் போகிறேன் என்று கெஞ்சினேன்.

பெருவிரல் அசையாமல் நின்றது.

"உங்கட கொம்பு முறியட்டும். மறுகா வாங்க."

இளநீரை வேலியடியில் வைத்துவிட்டுத் திரும்பி நடந்தேன். கொம்பு முறிந்தால்தானே? ஏழு நாளாக அது முறியவில்லை. அந்தக் கொம்பைக் காட்டில் தேடி எடுத்து, சீவி, எண்ணெய் தடவிக் கொண்டுவந்து கொடுத்த கெட்டிக்காரன் வேறு யாருமில்லை, நான்தான்.

விருந்தாளி மாப்பிள்ளை

கல்முனையிலிருந்து ஒரு வாசகர் எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். நான் வாராவாரம் கோயில், சடங்கு, பேய், பிசாசு என்று எழுதுகிறேனாம். இதையெல்லாம் நம்புகிறேனா இல்லையா என்று ஒரே வரியில் சொல்ல வேண்டுமாம். ஒரே வரியில் சொல்லத் தெரிந்திருந்தால் நான் ஏன் இத்தனை வாரமாக எழுதுகிறேன்? இந்த வாரம் எழுதப் போவதை வாசித்துவிட்டு அவரே ஒரு முடிவுக்கு வரட்டும்.

எங்கள் ஊர் குருக்கள்மடத்துக்குத் தெற்கே, ஒரு பக்கம் கடலும் மறு பக்கம் வாவியுமாக நடுவில் கிடக்கிற மணல் துண்டு. எங்கள் பக்கத்து வழக்கப்படி கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்குப் போக வேண்டும். வீடு பெண்ணுக்கு, அதைச் சுற்றிய வளவு பெண்ணுக்கு, குடி என்கிற வம்சமும் தாய் வழி. ஆண்பிள்ளை என்பவன் மரியாதையோடு நடத்தப்படுகிற ஒரு விருந்தாளி, அவ்வளவுதான். இதை ஒரு யாழ்ப்பாணத்து நண்பருக்குச் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு, சமையல் நன்றாக இருக்குமா என்று கேட்டார்.

ஒன்றே ஒன்றுதான் எங்களுக்குத் தகப்பன் வழியாக வந்தது. அது சேரி, அதாவது அம்மாள் விளையாட்டில் ஒருவன் நிற்கிற பக்கம்.

ஊரில் அம்மாள் கோயில் ஒன்று இருக்கிறது. அவளுடைய பெயரை நாங்கள் வாயால் சொல்வதில்லை. அம்மாள் என்றால் அவள்தான். புருஷனை அநியாயமாகப் பறிகொடுத்து, ஒரு பட்டணத்தையே எரித்துவிட்டு, அந்தச் சூடு ஆறாமல் எங்கள் கரைக்கு வந்தவள். வைகாசியில் ஒரு கிழமை மட்டும் கதவு திறப்பார்கள். கடைசி நாள் குளிர்த்தி பாடி, அவளைக் குளிரவைத்து, கதவைச் சாத்துவார்கள். மழை பொய்த்துப் போனாலோ, சின்னமுத்து, கொப்புளிப்பான் என்று ஊரில் நோய் கண்டாலோ அம்மாள் இன்னும் கோபமாக இருக்கிறாள் என்று அர்த்தம். நோய்க்கே எங்களிடம் அம்மாள் என்றுதான் பெயர். அப்படிப்பட்ட வருடங்களில் குளிர்த்திக்கு முன்னால் கொம்பு விளையாட வேண்டும்.

ஊர் இரண்டாகப் பிரியும். தென்சேரி அம்மாள் பக்கம். வடசேரி அவள் புருஷன் பக்கம். இரண்டு சேரியும் காட்டிலிருந்து வளைந்த மரக்கொம்பு ஒவ்வொன்று கொண்டுவரும். இரண்டின் வளைவையும் ஒன்றோடொன்று கொளுவி, வடம் கட்டி, ஆளுக்கொரு பக்கம் இழுக்கும். எந்தக் கொம்பு முறிகிறதோ அந்தச் சேரி தோற்றது; முறிகிற வரைக்கும் குளிர்த்தி கிடையாது, கதவும் சாத்தமாட்டார்கள். அன்றிலிருந்து குளிர்த்தி வரைக்கும் தோற்றவர்களைப் பற்றிப் பாடுகிற பாட்டுகளை இந்தப் பத்திரிகையில் அச்சடிக்க ஆசிரியர் சம்மதிக்கமாட்டார்.

கொம்பு கட்டிய நாளிலிருந்து முறிகிற நாள் வரைக்கும் ஒரு சேரிக்காரன் மற்றச் சேரி வீட்டில் கால் வைக்கக்கூடாது. தண்ணீர் வாங்கிக் குடிக்கக்கூடாது. நான் வடசேரி. தங்கம்மா தென்சேரி. முதல் நாள் விடியவே மாமி என் சட்டை, சவரப் பெட்டி, பாய் எல்லாவற்றையும் மடித்து வாசலில் வைத்துவிட்டார். சிரித்துக்கொண்டுதான் வைத்தார். போன தடவை பக்கத்து வீட்டு மாப்பிள்ளையையும் இப்படித்தான் அனுப்பினார்களாம். நானும் சிரித்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனேன்.

மூன்றாம் நாள் என் மகளுக்குக் காய்ச்சல் வந்தது. ஐந்தாம் நாள் உடம்பெல்லாம் அம்மாள் போட்டுவிட்டது. அவளுக்கு வயது மூன்று. முறைப்படி பார்த்தால் அவள் என் சேரி, வடசேரிப் பிள்ளை. என்னோடு வெளியே வந்திருக்க வேண்டியவள். அம்மாள் போட்ட பிள்ளையை அசைக்கக்கூடாது, அவள் இப்போது எந்தச் சேரியுமில்லை, அம்மாளுடைய பிள்ளை என்று மாமி சொல்லி அனுப்பினார். அதன் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

பூப் பறித்த கதை

கொம்பு விளையாட்டுக்கு ஒரு கதை உண்டு. கோபம் கொண்ட அம்மாளைப் பற்றியதல்ல. அதற்கு வெகு காலம் முந்தி, அவள் புதுப் பெண்ணாக இருந்த நாளில் நடந்ததாகச் சொல்வார்கள்.

புருஷனும் பெண்சாதியும் சண்பகப் பூப் பறிக்கப் போனார்கள். பூ உயரத்தில். இரண்டு பேரும் ஆளுக்கொரு கொக்கத்தடியை நீட்டினார்கள். தடிகள் ஒன்றில் ஒன்று மாட்டிக்கொண்டன. அவன் இழுத்தான், அவள் இழுத்தாள். அவனுடைய தடி முறிந்து போயிற்று. அவள் கைகொட்டிச் சிரித்தாள். அவள் வாழ்க்கையில் சிரித்ததாக எங்கள் ஊரார் சொல்கிற இடம் அது ஒன்றுதான். அந்தச் சிரிப்பை நினைவுபடுத்தினால் கோபம் ஆறும் என்பது நம்பிக்கை. அதனால்தான் கொம்பு.

நான் கல்லடியில் மூன்று வருடம் மரவேலை படித்து, பிறகு அதையே சொல்லிக்கொடுக்கப் போனவன். அங்கே எங்களுக்குப் பாடம் எடுத்த பாதிரியார், இதெல்லாம் அறியாச் சனங்களின் கட்டுக்கதை என்பார். லீவில் ஊருக்கு வந்தால், வடக்கிலிருந்து வந்து கோயில் கோயிலாகப் பிரசங்கம் செய்கிற சைவப் பெரியவர் ஒருவர், ஆகமத்தில் இல்லாத இந்தக் கூத்து சமயமே அல்ல, நிறுத்த வேண்டும் என்பார். ஒருவரை ஒருவர் கண்டால் முகம் திருப்பிக்கொள்கிற இருவரும் எங்கள் கொம்பு விஷயத்தில் மட்டும் ஒற்றுமை. நான் இருவருக்கும் தலையாட்டினேன். படித்தவன் அல்லவா.

கல்யாணமான புதிதில் ஒருநாள் இந்தக் கதையைத் தங்கம்மாவிடம் கேலியாகச் சொன்னேன். ஒரு வாலிபன் பிடித்த தடி ஒரு பெண் இழுத்து முறியுமா, மரம் அறிந்தவன் நம்புவானா என்றேன். அவள் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல் சொன்னாள்:

"அவர் விட்டுக்குடுத்திருப்பார். உங்களுக்கு அது வெளங்காது."

எனக்கு விளங்கவில்லைதான். அவள் சொன்னதைவிட அன்றைய குழம்புதான் அப்போது எனக்கு முக்கியமாக இருந்தது.

கெட்டிக்காரன் எடுத்த கொம்பு

வடசேரிக்குக் கொம்பு தேடுகிற பொறுப்பு என் பெரியப்பாவிடம் இருந்தது. மரத்தைத் தட்டிப் பார்த்தே அதன் வயதைச் சொல்லக்கூடியவர். மலேரியாக் காய்ச்சல் ஊர் ஊராக வாரிக்கொண்டு போனதே, அந்த முறை அவரும் போய்விட்டார். நாலே நாள் காய்ச்சல். யாருக்கும் எதையும் சொல்லிவைக்க நேரமில்லை. அடுத்த வருடமோ அதற்கடுத்த வருடமோ, வானம் வறண்டு, வயல்வட்டை எல்லாம் வெடித்துக் கிடந்தபோது கொம்பு விளையாட ஊர் தீர்மானித்தது. கொம்பு எடுக்க யார்? மரவேலை வாத்தியார் இருக்கிறாரே என்றார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

தோணியில் வாவியைக் கடந்து படுவான்கரைக் காட்டுக்குப் போனேன். மூன்று நாள் அலைந்தேன். இருபது முப்பது மரம் பார்த்து, கடைசியில் ஒரு கரையாக்கன் மரத்தில் அந்தக் கொம்பைக் கண்டேன். இயற்கையாகவே வளைந்தது. வளைவில் ஒரு கணு இல்லை, வெடிப்பு இல்லை, வண்டு தொட்ட அடையாளம் இல்லை. நார் ஒரே சீராக ஓடியது. அதை வெட்டிச் சீவியபோது உளி திரும்பத் திரும்ப மழுங்கியது. இவ்வளவு நல்ல கொம்பு எங்கள் சேரிக்கு எந்தக் காலத்திலும் வந்திருக்காது என்று பெருமையாக இருந்தது.

நான் கண்டவரையில் வடசேரிக் கொம்பு இரண்டாம் நாள் முறியும். மிஞ்சினால் மூன்றாம் நாள். தோற்ற எங்கள் ஆட்கள் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வீடு போவார்கள். தென்சேரி ஆடிப் பாடும். குளிர்த்தி நடக்கும். எப்போதும் அம்மாள்தான் வெல்வாள், அவள் சக்தி அப்படி என்பார்கள்.

இந்த முறை மூன்றாம் நாள் போயிற்று, நான்காம் நாள் போயிற்று. என் கொம்பு அசையவில்லை. ஐந்தாம் நாள் இழுப்பு முடிந்து போகையில் கல்லெறி நடந்து இரண்டு பேருக்கு மண்டை உடைந்தது. வடம் விற்ற காத்தான்குடி வியாபாரி, ஊருக்குள் வெளியாட்களை விடாததால் குருக்கள்மடத்துச் சந்தியிலேயே வண்டியை நிறுத்திவைத்துக்கொண்டு, உங்கள் அம்மாளுக்கு எப்போது கோபம் ஆறும் என்று போவோர் வருவோரையெல்லாம் கேட்டார். நோய் பதினாறு வீட்டுக்குப் பரவியிருந்தது.

எங்கள் பக்கத்தில் வடத்தின் முதல் பிடி என் அண்ணனுடையது. கொம்புக்கு மிகக் கிட்ட நிற்கிறவன்தான் முதல் பிடி. சேரியிலேயே பலமான ஆளுக்குக் கொடுக்கிற இடம். அண்ணன் சாதாரண நாளில் அதிர்ந்து பேசமாட்டார். வடத்தைப் பிடித்தால் வேறு ஆள். இழுங்கடா, இழுங்கடா என்று அவர் கத்துவது வாவிக்கரை வரைக்கும் கேட்கும்.

ஏழாம் நாள் இழுப்பின்போது ஒரு சத்தம் வந்தது. சின்னச் சத்தம். நகத்தால் பலகையைச் சுண்டினது போல. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் வடத்தை விட்டுவிட்டார்கள்.

சத்தம் வந்தது தென்சேரிக் கொம்பிலிருந்து. ஓடிப்போய்ப் பார்த்தேன். வளைவின் வெளிப்பக்கத்தில் மயிரிழை வெடிப்பு ஒன்று ஓடியிருந்தது. அம்மாளின் கொம்பு முறியப் போகிறது.

எங்கள் பக்கத்து இளவட்டங்கள் இரண்டு மூன்று பேர் கைதட்டத் தொடங்கினார்கள். பெரியவர்களின் முகத்தைக் கண்டதும் நிறுத்திக்கொண்டார்கள். தென்சேரியில் ஒரு பெண் மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். அம்மாள் தோற்றால் என்ன ஆகும் என்று யாரும் வாய் திறந்து சொல்லவில்லை. கட்டிய கொம்பை மாற்ற முடியாது, அது கட்டளை. ஊர்த் தலைமை பார்க்கிற விதானையார் வந்து, நாளைக்குள் எது முறிந்தாலும் முறியட்டும், அதற்குப் பிறகும் இழுபறி என்றால் மட்டக்களப்பிலிருந்து பொலிஸ் வந்து வடத்தை எடுத்துக்கொண்டு போகும் என்றார். அதாவது குளிர்த்தியும் இல்லை.

எட்டாம் நாள் காலைதான் நான் இளநீரோடு படலைக்குப் போய் நின்றது.

நாவல் மரத்தடி

படலையிலிருந்து திரும்புகையில் கோயில் வீதியில் கட்டாடியார் வந்தார். அம்மாளுக்குப் பூசை செய்கிறவர். கதவு திறந்த நாளிலிருந்து ஒரு நேரச் சாப்பாடு, ஆள் வற்றிப் போயிருந்தார். பிள்ளைக்கு எப்படி என்று கேட்டார். சொன்னேன். என் கையைப் பார்த்தார்.

"உன்ட பெரியப்பனுக்குக் கொம்பு எடுக்கத் தெரியும். உனக்கு மரம் மட்டுந்தான் தெரியும்."

அவ்வளவுதான். போய்விட்டார். எனக்கு ஆத்திரம் வந்தது. இதைவிட நல்ல கொம்பை யார் எடுப்பார்? பெரியப்பா எடுத்த லட்சணத்தைப் பார்ப்போமே என்று கோயிலுக்குப் பின்னால் நாவல் மரத்தடிக்குப் போனேன். முறிந்த கொம்புகளை அங்கேதான் போடுவார்கள். யாரும் தொடுவதில்லை. மேலே பாம்புச் சட்டை ஒன்று கிடந்தது.

முதல் கொம்பைத் திருப்பிப் பார்த்தேன். வளைவின் உட்பக்கத்தில் வண்டுத் துளை. அதில் கரி கலந்த தேன்மெழுகு அடைத்து, மேலே எண்ணெய் தடவியிருந்தது. சரி, கிழவர் கவனிக்காமல் விட்டுவிட்டு, பிறகு மறைத்திருக்கிறார் என்று நினைத்தேன்.

இரண்டாவதிலும் அதே இடத்தில் அழுகின கணு. அதே மெழுகு. மூன்றாவதில் பழைய வெடிப்பு. நான்காவதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தேன். அதில் குற்றம் எதுவும் இல்லை, அருமையான மரம். ஆனால் வளைவின் உள்ளே சுண்டுவிரல் நுழைகிற அளவில் ஒரு துளை. வண்டு நேராகத் துளைக்காது, வளைந்து வளைந்து போகும். இது நூல் பிடித்தது போல நேராகப் போயிருந்தது. தச்சனின் துறப்பணம் போட்ட துளை.

நான்கையும் மணலில் வரிசையாக வைத்தேன்.

அம்மாள் கோயிலில் தீ மிதித்தவர் பெரியப்பா. வைகாசி முழுக்க மீன் மச்சம் தொடமாட்டார். அவள் கதை படிக்கையில் கண்ணீர் விடுவார். அந்த மனிதர்தான் இருபது வருடமாகப் பழுதான கொம்பைத் தேடித் தேடி எடுத்திருக்கிறார்; பழுது கிடைக்காவிட்டால் தானே பழுதாக்கியிருக்கிறார். எதையும் நம்பாத நான் நேர்மையாக ஒரு நல்ல கொம்பைக் கொண்டுவந்து கொடுத்து, ஊரை நெருப்பில் நிறுத்தியிருந்தேன்.

இது மோசடி இல்லையா? அப்படித்தான் முதலில் நினைத்தேன். கட்டாடியார் இதை அறிந்தும் பூசை செய்கிறாரே என்று அருவருப்புக்கூட வந்தது. ஆனால் மனம் அங்கே நிற்கவில்லை. நெஞ்சுக்குழி உள்ளே போகிறது என்று தங்கம்மா சொன்ன இடத்துக்கே திரும்பத் திரும்ப வந்தது. என் படிப்பு அந்த நேரத்தில் எனக்கு ஒரு உதவியும் செய்யவில்லை. கொம்பு முறிந்தால் பிள்ளை பிழைப்பாள் என்று நான் நம்பினேனா? இல்லை. முறியாமல் பிள்ளைக்கு ஏதும் நடந்தால் தங்கம்மாவின் முகத்தைப் பார்க்க முடியுமா? முடியாது. அதற்குமேல் யோசிக்க எனக்குத் தெம்பு இருக்கவில்லை.

உச்சி வெயில்

வடம் இழுக்கிற கொம்புச்சந்தியில், இழுப்பு இல்லாத நேரம் எங்கள் கொம்பைக் கழற்றி வைத்துக் காவல் காக்கக் கொட்டில் ஒன்று போட்டிருந்தோம். ஒரு நேரத்தில் இரண்டு பேர் காவல். மத்தியானக் காவல் எனக்கும் அண்ணனுக்கும்.

அண்ணன் பாயில் மல்லாந்து, முகத்தைச் சால்வையால் மூடிக்கொண்டு படுத்திருந்தார். மூச்சு சீராக வந்தது. வெளியே ஆள் நடமாட்டம் இல்லை. அந்த வெயிலில் நாய்கூடத் தெருவில் இறங்காது. பின்னேரம் வடம் பிடிக்க வேண்டும். எனக்கு இருந்தது இரண்டு மணி நேரம்.

என் ஆயுதப் பெட்டியிலிருந்து சின்னத் துறப்பணத்தை எடுத்தேன். கொம்பின் வளைவில் சுற்றியிருந்த கயிற்றை விலக்கி, உட்பக்கத்தில் முனையை வைத்தேன். மரம் இடம் கொடுக்கவில்லை. நான் தேடி எடுத்த மரம், நான் மெச்சிய நார். நெஞ்சால் அழுத்தித் திருகினேன். கிறீச் என்று ஒரு சத்தம் வந்தது.

"என்ன தம்பி சத்தம்?"

அண்ணன் அசையவில்லை. சால்வைக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது. துறப்பணத்தைக் கயிற்றுக்குள் மறைத்தேன்.

"கயிறு தளந்து கிடக்கு அண்ணன். இறுக்கிறன்."

சால்வை ஒருமுறை ஏறி இறங்கியது.

"இறுக்கு, இறுக்கு," என்றார். மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

இரண்டு அங்குலம் ஆழம் துளைத்தேன். மரத்தூளை ஒரு துளிகூட விடாமல் வழித்து வேட்டி மடியில் கட்டினேன். வாளுக்குப் பூச வைத்திருந்த மெழுகில் அடுப்புக்கரியைக் குழைத்து அடைத்தேன். கயிற்றைப் பழையபடி சுற்றினேன். துறப்பணத்தைப் பெட்டியில் வைக்கப் போனவன் அப்படியே நின்றேன். அம்மாளுக்குப் பயந்து அல்ல. முதல் பிடி அண்ணனுடையது என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

சொல்லியிருக்கலாம். அவரை எழுப்பி, அண்ணன், இன்றைக்குப் பின்பக்கம் நில்லுங்கள் என்று சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்பாரே. பக்தி உள்ள மனிதர், சேரி மானம் பெரிதென்று எட்டு நாளாகத் தொண்டை கிழியக் கத்துகிறவர். கொம்பைத் துளைத்துவிட்டேன் என்று தெரிந்தால் அங்கேயே என் கழுத்தைப் பிடிப்பார் என்று நினைத்தேன். வாயை மூடிக்கொண்டேன். என் வாழ்நாளில் நான் செய்த கோழைத்தனங்களில் முதலாவது இது.

பின்னேரம் வடம் பிடித்தார்கள். தென்சேரியில் ஒருவரும் பாடவில்லை. தங்கள் கொம்பில் இருந்த வெடிப்பையே எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அண்ணன் முதல் பிடியில் நின்று, கால்களை மணலில் புதைத்து, ஒருமுறை திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு கத்தினார்.

மூன்றாவது இழுப்பில் முறிந்தது. வெடி வெடித்த மாதிரி இருந்தது. எங்கள் பக்கம் முழுவதும் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தோம். நான் எழுந்து பார்த்தபோது அண்ணன் எழவில்லை. முறிந்த துண்டு தெறித்து அவருடைய இடது முழங்காலுக்கு மேலே ஏறியிருந்தது.

தென்சேரிப் பெண்கள் குரவையிட்டார்கள். அந்தச் சத்தத்தில் அண்ணன் முனகியது எனக்கு மட்டும்தான் கேட்டது.

தண்ணீர் வார்த்த நாள்

குளிர்த்தி நடந்தது. கதவு சாத்தினார்கள். என் மகள் அன்றிரவே கண் திறந்தாள் என்று எழுத ஆசைதான். அப்படி நடக்கவில்லை. இன்னும் நான்கு நாள் உயிருக்கும் சாவுக்கும் நடுவில் கிடந்தாள். ஐந்தாம் நாள்தான் கஞ்சி கேட்டாள். அதற்குப் பிறகு வேப்பிலை போட்டுத் தலைக்குத் தண்ணீர் வார்த்தார்கள்.

கொம்பு முறிந்த மறுநாள் தெற்குத் தெருவில் ஒரு பிள்ளை இறந்தது. அம்மாள் குளிர்ந்த பிறகுமா என்று யாரும் கேட்கவில்லை. எனக்குக் கேட்க வாய் இல்லை. நான் அந்தச் சாவீட்டுக்குப் போய்க் கடைசி வரைக்கும் நின்றேன்.

கொம்பு முறிந்ததும் நான் வீடு திரும்பியிருந்தேன்; பிள்ளைக்குத் தண்ணீர் வார்த்த அன்றுதான் தங்கம்மா, அதுவரை தோய்க்காமல் கிடந்த என் வேட்டியைத் தோய்க்க எடுத்தாள். மடியில் முடிந்திருந்ததை அவிழ்த்து, கைகளில் கொட்டிப் பார்த்தாள். சிவந்த மரத்தூள். முகர்ந்தாள். அது என்ன என்று கேட்கவில்லை. அடுப்புக்குள் போட்டுவிட்டு, பிள்ளைக்குக் கஞ்சி ஆற்றினாள். அன்று எனக்குச் சோறு போடும்போது மீனில் தலைத் துண்டை என் பக்கம் தள்ளினாள். அது அவளுக்குப் பிடித்த துண்டு.

அண்ணனின் கால் சரியாகப் பொருந்தவில்லை. ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம் கிடந்தார். பிறகு காலத்துக்கும் தடி ஊன்றித்தான் நடந்தார். வயல் வேலை போயிற்று. சின்னக் கடை ஒன்று போட்டு உட்கார்ந்துகொண்டார். காலைப் பற்றிக் கேட்பவர்களுக்கெல்லாம், அம்மாள் தொட்ட கால் என்று சிரித்துக்கொண்டு சொல்வார். ஒவ்வொரு தடவையும் நான் வேறு பக்கம் பார்ப்பேன். முப்பது வருடத்துக்கு மேல் நான் அந்தக் கடைக்குப் போய்வந்தேன். ஒரு நாள்கூடச் சொல்லவில்லை.

முதல் பிடி

போன மாசி மாதம் அண்ணன் படுக்கையில் விழுந்தார். பார்க்கப் போனேன். பின்னேர வெயில் யன்னலால் அவருடைய காலில் விழுந்திருந்தது. தைலம் தேய்த்துவிடச் சொன்னார். அந்தக் காலை நான் தொட்டது அதுதான் முதல் தடவை. வடு குழிந்து, தோல் காகிதம் போல இருந்தது.

இனியும் சொல்லாவிட்டால் நான் மனிதனில்லை என்று நினைத்து வாயைத் திறந்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"அண்டைக்கு நான் நித்திரை இல்ல தம்பி. நீ துறப்பணம் போட்டதைக் கேட்டுக்கொண்டுதான் கிடந்தனான்."

என் கை நின்றது. பிறகு ஏன் முதல் பிடியில் நின்றீர்கள் என்று கேட்டேன். கேட்டேனா, அழுதேனா என்று இப்போது சரியாகச் சொல்ல முடியவில்லை.

"நான் விலகினா வேறொருத்தன் நிப்பான். அவனுக்கு ஒண்டும் தெரியாதே." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "மறுகா, அங்க கிடந்தது எங்கட சேரிப் புள்ளயடா."

அந்த நேரம் கதவைத் தள்ளிக்கொண்டு என் மகள் உள்ளே வந்தாள். இப்போது அவளுக்கே மூன்று பிள்ளைகள். தன் பெரியப்பாவுக்கென்று கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்திருந்தாள். என் கண்ணையும் அண்ணனின் காலையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"பெரியப்பா, கால் நோகுதா?" என்று கேட்டாள்.

"இல்ல மகள்," என்றார் அண்ணன். கஞ்சியை வாங்கிக் குடித்தார்.